பழைய க்ரைம் பேப்பர்பேக்குகள்: அட்டைக்காகவா, உள்ளே இருப்பதற்காகவா?

காகிதப்பூச்சி எழுதியது:

1950களின் அமெரிக்க க்ரைம் பேப்பர்பேக் என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் அட்டைப்படத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். கையில் துப்பாக்கி, தோளில் நழுவும் உடை, பின்னால் மஞ்சள் விளக்கு, கலைந்த படுக்கை. சரி, படங்கள் அழகுதான். ராபர்ட் மெக்கின்னிஸ் 1,200க்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தவர், சென்ற ஆண்டுகளில் வந்த அவருடைய படத்தொகுப்புகளை நானும் புரட்டிப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் அட்டை மட்டுமே காரணம் என்றால் அந்தத் தொகுப்பு ஒன்று போதும். நாவல் எதற்கு?

என்னை இழுப்பது உள்ளே இருக்கும் ஆள். இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் துப்பறிவாளர் என்று ஒருவர் கிடையாது. கார் விற்பவன், மதுக்கூடத்தில் பியானோ வாசிப்பவன், கப்பலில் வேலை போனவன், இப்படி ஒருவன்தான் கதைசொல்லி. அவனுக்குக் கொஞ்சம் பணம் வேண்டும். பேராசைக்காரன்கூட இல்லை, சலித்துப்போனவன். சார்ல்ஸ் வில்லியம்ஸ் 1953இல் எழுதிய 'ஹெல் ஹேத் நோ ஃப்யூரி'யில் ஒரு கார் விற்பனையாளன் சின்ன ஊருக்கு வந்து சேர்கிறான். எங்காவது தீப்பிடித்தால் ஊரே அணைக்க ஓடுகிறது, வங்கியில் ஆள் இருப்பதில்லை என்று கவனிக்கிறான். அவ்வளவுதான், மீதியை நீங்களே ஊகிக்கலாம். ஊகித்த பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. கொலைகாரன் யார் என்று தேடும் கதையில் கடைசிப் பக்கம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும். இங்கே முடிவு முதல் அத்தியாயத்திலேயே வாசலில் வந்து நிற்கிறது. அவன் அதை எவ்வளவு நேரம் பார்க்காத மாதிரி இருக்கப்போகிறான் என்பதுதான் கதை.

உங்களுக்கு இவற்றில் எது பிடிக்கிறது? அட்டை அட்டை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

நல்ல இழை. காகிதப்பூச்சி சொல்லும் அந்தச் சலித்துப்போன ஆள் எங்கிருந்து வந்தான் என்று தேடிக்கொண்டு போனால் ஒரு விநியோக ஒப்பந்தத்தில் போய் முட்டுகிறோம். எனக்கு இந்தப் பின்கதைதான் நாவல்களைவிடச் சுவையாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பேப்பர்பேக் அலை 1939இல் பாக்கெட் புக்ஸோடு தொடங்குகிறது. விலை 25 சென்ட். பின்னால் வந்த ஏவன், பாப்புலர் லைப்ரரி, டெல், பேன்டம் எல்லோருக்கும் பெரும்பாலும் அதே பிழைப்பு: கெட்டி அட்டையில் ஏற்கெனவே வந்த நூலின் உரிமையை வாங்கி மலிவுப் பதிப்பு போடுவது. அந்த மலிவுப் பதிப்பின் ராயல்டியில் பாதி கெட்டி அட்டைப் பதிப்பாளருக்குப் போய்விடும். எழுத்தாளருக்கு மிஞ்சுவது சொற்பம்.

ஃபாசெட் என்ற பத்திரிகை நிறுவனம் அப்போது சிக்னெட், மென்டர் என்ற வேறொரு பதிப்பாளரின் பேப்பர்பேக் நூல்களைக் கடைகளுக்கு விநியோகித்துக்கொண்டிருந்தது. விற்பனையைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தாங்களும் இறங்க ஆசை வராதா? ஆனால் ஒப்பந்தப்படி மறுபதிப்பு போட்டுப் போட்டிக்கு வரக்கூடாது. மறுபதிப்புதானே கூடாது, இதுவரை எங்கும் வராத கதையைப் போடலாமே என்று 1950இல் கோல்ட் மெடல் வரிசையை ஆரம்பித்தார்கள். கெட்டி அட்டைப் பதிப்பாளர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஏன் நின்றார்கள் என்பது கணக்கு. கோல்ட் மெடல் விற்பனையைப் பார்த்துப் பணம் தரவில்லை, அச்சடித்த எண்ணிக்கையைப் பார்த்துத் தந்தது. முதல் அச்சு 2,00,000 பிரதி என்றால் 2,000 டாலர். விற்றதா, திரும்பி வந்ததா என்பது எழுத்தாளரின் கவலை இல்லை. அதே நேரத்தில் பல்ப் பத்திரிகைகள், அதாவது மட்டமான காகிதத்தில் வந்த மலிவுக் கதை இதழ்கள், செத்துக்கொண்டிருந்தன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1949இல் தன் பல்ப் இதழ்களில் அநேகமாக எல்லாவற்றையும் மூடிவிட்டது, 'பிளாக் மாஸ்க்' 1951இல் நின்றது. ஒரு சொல்லுக்கு ஒரு சென்ட், இரண்டு சென்ட் என்று வாங்கிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே இந்தப் பக்கம் நகர்ந்தது. வேகமாக எழுதப் பழகிய கை, முதல் பத்தியிலேயே ஆளைப் பிடிக்கத் தெரிந்த கை.

விற்ற இடமும் முக்கியம். புத்தகக் கடைகள் ரொம்பக் குறைவு. மருந்துக்கடை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், சிகரெட் கடை, அங்கே சுழலும் கம்பி அடுக்கு. பத்திரிகை கொண்டுவரும் அதே வண்டியில் நாவலும் வரும். விற்காவிட்டால் அட்டையை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிக் கணக்கை நேர் செய்துகொள்வார்கள். அந்த அடுக்கின் முன்னால் நிற்பவருக்குப் பேருந்து வரும்வரைதான் நேரம். முதல் வாக்கியத்திலேயே பிணமோ பணமோ வந்துவிடுவது அதனால்தான்.

சந்தேகராமன் எழுதியது:

இருவருக்கும் ஒரு வாளி தண்ணீர்.

மேற்கோள்: "முடிவு முதல் அத்தியாயத்திலேயே வாசலில் வந்து நிற்கிறது."

இதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு இது சூத்திரம் என்றுதான் படுகிறது. ஜெயிக்கும் கதாநாயகன் எப்படி ஒரு வாய்ப்பாடோ அப்படியே தோற்கும் கதாநாயகனும். காட்டில் ஒரு வீடு, ஒரு பெட்டிப் பணம், இன்னொருவனின் மனைவி, மூன்றாவது அத்தியாயத்தில் மழை. நான் படித்தவற்றில் அரைவாசி இதே சாமான்களை இடம் மாற்றி வைத்தவை.

இன்னொன்று. இந்த வகை இழைகளில் வருவது எப்போதும் அதே ஏழெட்டுப் பெயர்தான். ஜிம் தாம்சன், டேவிட் குடிஸ், வில்லியம்ஸ், வில்ஃபோர்ட், ரிச்சர்ட் ஸ்டார்க், ஜான் டி. மெக்டொனால்ட். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வந்த நாவல்களில் அறுபது எழுபது ஆண்டு சல்லடையில் தங்கியது இவ்வளவுதான். தங்கியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் காலமே பொற்காலம் என்றால் எப்படி? அடுக்கில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் படியுங்கள். உரையாடல் மரக்கட்டை, நடுவில் முப்பது பக்கம் இட்டு நிரப்பியது, போலீஸ்காரர் எல்லோரும் ஒரே ஆள். 1950இல் வாங்கிய ஆளும் அதைப் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப் போயிருப்பார், அதுதான் அதற்கு உரிய மரியாதை.

படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் படிக்கிறேன். மேலே தூக்கி வைக்காதீர்கள் என்கிறேன்.

அகிலா_வரிகள் எழுதியது:

ராமன் சார் சூத்திரம் என்றதைப் பிடித்துக்கொண்டு நான் வேறு பக்கம் போகிறேன். இதில் பெண்களைப் பற்றி இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது ஆச்சரியமாக இல்லை.

அட்டையில் பெண், உள்ளே பெண்ணால் கெட்டுப்போன ஆண். இதைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்கு அலுப்பு தட்டும். கதைசொல்லி தானே திட்டம் போடுகிறான், தானே துப்பாக்கி எடுக்கிறான், கடைசியில் 'அவள் கண்கள்' என்கிறான். நல்ல நாவல்களில் ஆசிரியருக்கு இது தெரியும். கதைசொல்லிக்குத் தெரியாது. அந்த இடைவெளி இருக்கும் நூல்கள் மட்டும் எனக்குத் தங்குகின்றன. டொரத்தி பி. ஹியூஸ் 1947இலேயே 'இன் எ லோன்லி ப்ளேஸ்' எழுதிவிட்டார். பெண்களைக் கொல்பவனின் தோளுக்குப் பின்னாலேயே நம்மை நடக்கவிட்டு, அவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பெரிய எண்ணத்தை மெதுவாகக் கிழிப்பார். அவனைக் கண்டுபிடிப்பது இரண்டு பெண்கள். அது முதலில் கெட்டி அட்டையில் வந்து பிறகு பேப்பர்பேக் ஆனது என்பதால் மூன்றாம்மாடி அண்ணன் கணக்கில் வராமல் போகலாம், ஆனாலும் இந்த வகையைப் பற்றிப் பேசும்போது அதைத் தாண்டிப் போக முடியாது.

இப்போது சூத்திரம். கோல்ட் மெடலில் வின் பேக்கர் என்ற பெயரில் எழுதியவர் மேரிஜேன் மீக்கர் என்ற இளம்பெண். 1952இல் வந்த 'ஸ்ப்ரிங் ஃபயர்' கல்லூரி விடுதியில் இரண்டு பெண்களுக்கு இடையிலான காதல். க்ரைம் கதை இல்லை, ஆனால் அதே கம்பி அடுக்கில் அதே விலைக்கு விற்றது, 10 லட்சம் பிரதிகளைத் தாண்டிப் போனது. பதிப்பாசிரியர் போட்ட நிபந்தனை: முடிவு மகிழ்ச்சியாக இருக்கக்கூடாது. காரணம் தபால்துறை. நூல்கள் தபாலில் போகின்றன, இந்தக் காதலை நல்லபடியாக முடித்தால் ஆபாசம் என்று பறிமுதல் செய்வார்கள் என்ற பயம். அதனால் ஒருத்திக்கு மனநோய், இன்னொருத்திக்கு 'நான் அவளைக் காதலிக்கவே இல்லை' என்ற ஞானோதயம். அதே 1952இல் கேதிங்ஸ் என்ற உறுப்பினர் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்தப் பேப்பர்பேக்குகளை விசாரிக்க உட்கார்ந்தது. ஃபாசெட் ஆட்களும் போய்ப் பதில் சொன்னார்கள். பயம் சும்மா இல்லை.

ஆக, 'தோல்வியில் முடியும் துணிச்சல்' என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு தபால்துறைக்குப் பயந்து போட்ட முடிவு. ஆனால் அந்த முடிவையும் மீறி, அந்த நூலைப் படித்த பெண்கள் பேக்கருக்குக் குவியலாகக் கடிதம் எழுதினார்கள். கடைசி இரண்டு பக்கத்தை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை.

காகிதப்பூச்சி எழுதியது:

அகிலா சொன்ன இந்தக் கதையை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றோடு இணைத்துப் பார்க்கிறேன். டொனால்ட் வெஸ்ட்லேக், ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற பெயரில் 'தி ஹண்டர்' எழுதியபோது பார்க்கர் என்ற திருடன் கடைசியில் பிடிபடுவதாகத்தான் முடித்திருந்தார். வழக்கம் அதுதானே, குற்றவாளி மாட்ட வேண்டும். பாக்கெட் புக்ஸில் பக்ளின் மூன் என்ற பதிப்பாசிரியர் படித்துவிட்டு, இவனைத் தப்பிக்கவிடுங்கள், இவனை வைத்து மேலும் நாவல்கள் எழுதுங்கள் என்றார். 1962இல் முதல் நூல் வந்தது, மொத்தம் 24 ஆனது. அங்கே பயம் முடிவைச் சோகமாக்கியது, இங்கே வியாபாரம் குற்றவாளியை வீட்டுக்கு அனுப்பியது.

ராமன் சார், சூத்திரம் இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தைக் கொடுத்தவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். லயன் புக்ஸில் ஆர்னல்ட் ஹேனோ என்ற பதிப்பாசிரியர் எழுத்தாளர்களுக்குத் தானே கதைச்சுருக்கம் எழுதிக் கொடுப்பார். ஜிம் தாம்சன் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்: நியூயார்க் போலீஸ்காரன் ஒருவன் ஒரு விலைமாதுவோடு சிக்கிக்கொள்கிறான், கடைசியில் கொலை. தாம்சன் அதை டெக்சாஸின் ஒரு சின்ன ஊருக்கு மாற்றி, லூ ஃபோர்ட் என்ற துணை ஷெரிஃபை உண்டாக்கினார். வெளியே அசடு மாதிரிச் சிரிப்பான். தேய்ந்துபோன பொன்மொழிகளை அடுக்கியே எதிரில் நிற்பவரை வதைப்பான், அது தெரிந்தே செய்வான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனே நமக்குச் சொல்லிக்கொண்டு வருவான், நாமும் பாதி வழிவரை அவனோடு சேர்ந்து மற்றவர்களைப் பார்த்துச் சிரித்திருப்போம். 'தி கில்லர் இன்சைட் மீ', 1952. 25 சென்ட் நூல். ஒரு கெட்டி அட்டைப் பதிப்பாளர் அன்றைக்கு அதை ஏற்றிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். லயனுக்கு ஒரு பிணமும் ஒரு பெண்ணும் போதும். மீதி 170 பக்கத்தில் தாம்சன் என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை.

என்னை இழுப்பது அந்த மேற்பார்வையில்லாத பக்கங்கள்தான். மோசமான நாவல்களில்கூட அப்படி ஒரு பக்கம் கிடைத்துவிடும். ஆசிரியர் கதையை மறந்துவிட்டு, விடுதி அறை வாடகையைப் பற்றியோ, விவாகரத்தான ஆள் தனியாகச் சாப்பிடும் சாப்பாட்டைப் பற்றியோ இரண்டு பத்தி எழுதியிருப்பார். தன் சொந்த வாழ்க்கையிலிருந்து அவசரத்தில் எடுத்துப் போட்டது என்று பார்த்தவுடன் தெரியும். இலக்கியமாக வேண்டும் என்று எழுதிய நாவல்களில் அந்த மாதிரிப் பக்கங்களை ஆசிரியர் நான்கு முறை மெருகேற்றிக் கெடுத்திருப்பார்.

பசைக்குப்பி எழுதியது:

நான் படிப்பதைவிட ஒட்டுவது அதிகம், அதனால் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

காகிதம் மரக்கூழ். மரத்தில் இயல்பாகவே இருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காத கூழ், அதோடு தயாரிப்பிலேயே சேர்ந்த அமிலம். காற்றும் வெளிச்சமும் பட்டால் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுத்துக்கொண்டு போகும், அப்புறம் நொறுங்கும். பழைய புத்தகத்தில் எல்லோரும் முகர்ந்து பார்த்து மயங்கும் லேசான வனிலா வாசனை, லிக்னின் சிதைவதில் வருவது. புத்தகம் சாகும் வாசனை என்று சொன்னால் என்னைத் திட்டுவார்கள்.

தைத்த புத்தகங்கள் இல்லை இவை. தாள்களின் முதுகை வெட்டி நேராகப் பசையில் ஒட்டியவை. எழுபது ஆண்டில் பசை இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். முழுதாக விரித்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும், அதோடு 64ஆம் பக்கம் தனியாகக் கையில் வரும். தொண்ணூறு டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். வந்த பக்கத்தைச் செலோடேப் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள், அது சில ஆண்டில் பழுப்பாகித் தாளையும் சேர்த்துத் தின்னும். உறை போடுவதானால் மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன். பிவிசி வேண்டாம்.

சேகரிப்பவர்கள் பார்ப்பது: முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, அட்டையில் மடிப்பு உண்டா, பக்க விளிம்பில் அடித்த சாயம் (சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு பதிப்பாளரும் ஒரு நிறம்) மங்காமல் இருக்கிறதா. 1940களின் நூல்கள் சிலவற்றில் அட்டைமேல் ஒட்டிய மெல்லிய பளபளப்புப் படலம் ஓரத்தில் உரிந்து வரும். அதை இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இழுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தவை டெல்லின் வரைபட அட்டைகள். 1943 வாக்கில் ஆரம்பித்துச் சில ஆண்டுகள் பின்னட்டையில் கொலை நடந்த வீட்டின், தெருவின், தீவின் படம் போட்டார்கள். ரூத் பெலூ என்ற பெண் வரைந்தவை நிறைய. கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்க்கிற மாதிரி, படுக்கையறை, படிக்கட்டு, 'உடல் கிடந்த இடம்' எல்லாம் இருக்கும். உள்ளே முதல் பக்கங்களில் பாத்திரங்களின் பட்டியலும் கொடுப்பார்கள். அவை பெரும்பாலும் யார் கொன்றது வகை, காகிதப்பூச்சியின் சலித்த ஆட்கள் அதில் கிடையாது. ஆனால் ஒரு 25 சென்ட் பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஏஸ் டபுள் பற்றியும் சொல்ல வேண்டும். 1952இல் தொடங்கியது. இரண்டு நாவல்கள் முதுகோடு முதுகாக, ஒன்றுக்கொன்று தலைகீழாக. ஒன்றை முடித்துவிட்டுப் புரட்டிப் பிடித்தால் இன்னொரு முன்னட்டை. வில்லியம் பரோஸின் முதல் நூல் 'ஜங்கி' 1953இல் வேறு பெயரில் இப்படித்தான் வந்தது, போதைக்கு அடிமையானவனின் கதை. அதன் மறுபக்கம் என்ன தெரியுமா? ஒரு போதைத் தடுப்பு அதிகாரியின் நினைவுக் குறிப்பு. 35 சென்டுக்கு இரண்டு கட்சியும்.

இரவுப்பேருந்து எழுதியது:

புதியவன், ஒரு சந்தேகம். இவற்றையெல்லாம் நான் போனில்தான் படிக்கிறேன். மெக்டொனால்டின் டிராவிஸ் மெகீ வரிசையில் சில, குடிஸ் ஒன்று. எனக்குக் கதைகள் பிடித்திருக்கின்றன. பசைக்குப்பி அண்ணன் சொல்வதைப் படித்தால் நான் பாதிதான் அனுபவிக்கிறேனோ என்று தோன்றுகிறது. பழைய பிரதி கையில் இல்லாமல் இந்த ஈர்ப்பு முழுமையாகக் கிடைக்காதா? அப்புறம், அடுத்து எதைப் படிக்கலாம்?

மூன்றாம்மாடி எழுதியது:

தம்பி, இதைவிட முரணான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஹார்ட் கேஸ் க்ரைம் என்ற பதிப்பகம் 2004இல் ஆரம்பித்தது. பழைய நாவல்களை மறுபதிப்பு போட்டார்கள், புதிய நாவல்களுக்கும் பழைய பாணியில் கையால் வரைந்த அட்டை போட்டார்கள், மெக்கின்னிஸே அவர்களுக்கு வரைந்திருக்கிறார். ஸ்டீஃபன் கிங் 2013இல் 'ஜாய்லேண்ட்' கொடுத்தபோது முதலில் மின்னூலே வேண்டாம், காகிதத்தில்தான் என்றார். இந்தப் பக்கம் அது. அந்தப் பக்கம் அமெரிக்க இலக்கியச் செவ்வியல் நூல்களைப் போடும் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா. 1997இல் தாம்சன், குடிஸ், வில்ஃபோர்ட், ஹைஸ்மித், ஹைம்ஸ் ஆகியோரின் நாவல்களை ஒரே தொகுதியாகப் போட்டது. அமிலமில்லாத மெல்லிய தாள், துணி அட்டை, ரிப்பன். தாம்சன் 1977இல் இறந்தபோது அமெரிக்காவில் அவருடைய ஒரு நூல்கூட அச்சில் இல்லை என்பார்கள். 1980களில் பிளாக் லிசார்ட் என்ற சிறிய பதிப்பகம் மறுபடி போட்ட பிறகுதான் அவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பி அடுக்குக்கும் ரிப்பனுக்கும் நடுவில் எழுத்து ஒன்றும் மாறவில்லை. போனில் படியுங்கள்.

ஆனால் ஒன்று. அமெரிக்கர்கள் இந்த நூல்களை இருக்கையில் விட்டுப் போனார்கள் என்று ராமன் சார் சொன்னாரே, அதே நேரத்தில் பாரிஸில் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மார்செல் துஹமேல் 1945இல் கலிமார் பதிப்பகத்தில் 'செரி நுவார்' வரிசையைத் தொடங்கினார், கறுப்பு மஞ்சள் அட்டை. அங்கே பணமில்லாமல் இருந்த செஸ்டர் ஹைம்ஸிடம் ஒரு துப்பறியும் நாவல் எழுதச் சொன்னதும் அவர்தான். ஹைம்ஸ் அதுவரை எழுதியவை இனவெறி பற்றிய கோபமான நாவல்கள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்களை இறக்கினார். அது அமெரிக்காவில் 1957இல் கோல்ட் மெடல் பேப்பர்பேக்காக வந்து போனது. பிரான்சில் 1958இல் துப்பறியும் இலக்கியத்துக்கான பெரிய பரிசை வாங்கியது. குடிஸின் 'டவுன் தேர்' 1956இல் கோல்ட் மெடலில் வந்தது, நான்கே ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அதைப் படமாக்கினார். மேலே தூக்கி வைத்தது நாங்கள் இல்லை சார், அப்போதே நடந்துவிட்டது.

சந்தேகராமன் எழுதியது:

பிரெஞ்சுக்காரர்கள் தூக்கியதால் உயரம் கூடிவிடாது. மொழிபெயர்ப்பில் துஹமேல் குழு நாவல்களை வெட்டிக் குறுக்குவதும் சகஜம், அந்த முப்பது பக்க நிரப்பலை அவர்கள் படித்தே இருக்க மாட்டார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

காகிதப்பூச்சி சொன்ன மேற்பார்வையில்லாத பக்கங்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது எனக்கும் நடந்திருக்கிறது. பெயர் நினைவில்லாத ஒரு நாவல், கதை படு மோசம். நடுவில் ஒருவன் திருடிய பணத்தை எண்ணும் இடம் மூன்று பக்கம். ஈரமான நோட்டுகள், ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்து ரேடியேட்டர் மேல் காயவைக்கிறான். அதை எழுதியவருக்குப் பணம் எவ்வளவு தேவையாக இருந்தது என்பது அந்த மூன்று பக்கத்தில் தெரிந்தது. ஆனால் அதற்காக 160 பக்கத்தைத் தாண்ட வேண்டியிருந்ததே, அதை யார் சொல்வது? இந்த ஈர்ப்பில் ஒரு பகுதி குப்பையைக் கிளறும் ஈர்ப்பு. அதை ஒப்புக்கொண்டால் எனக்குச் சண்டை இல்லை.

காகிதப்பூச்சி எழுதியது:

கிளறுவதுதான். அதில் எனக்கு வெட்கமே இல்லை. பட்டியலில் இருக்கும் ஏழு பேரை மட்டும் படிப்பவர்களுக்கு அந்த ஈர நோட்டு கிடைக்காது.

அகிலா_வரிகள் எழுதியது:

இரவுப்பேருந்துக்கு: மெகீ வரிசையை விட்டுவிடாதீர்கள், ஆனால் வரிசையில் எதை எடுக்கிறீர்கள் என்று கவலைப்படவும் வேண்டாம். தலைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் இருக்கும், எதைப் படித்தோம் எதைப் படிக்கவில்லை என்று வாங்குபவர் கண்டுகொள்ளச் செய்த ஏற்பாடு. பெண்களை 'மீட்கும்' வேலையை மெகீ செய்யும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும், உங்களுக்கும் தோன்றினால் நல்லது. அதற்கு மாற்று மருந்தாக ஹியூஸ். அப்புறம் வின் பேக்கரின் 'தி ஈவில் ஃப்ரெண்ட்ஷிப்', 1958. நியூசிலாந்தில் 1954இல் இரண்டு பள்ளி மாணவிகள் செய்த உண்மையான கொலையை வைத்து எழுதியது. அழகான நூல் இல்லை, அவசரம் தெரியும். ஆனால் அந்தப் பெண்களை அவர் பூதமாகவும் காட்டவில்லை, பாவமாகவும் காட்டவில்லை.

பசைக்குப்பி எழுதியது:

போனில் படித்துப் பிடித்ததை மட்டும் காகிதத்தில் தேடுங்கள் தம்பி. படிக்கத்தான் என்றால் முதுகு மடிந்த, ஓரம் கிழிந்த பிரதியே நல்லது. விலை குறைவு, பயமில்லாமல் விரிக்கலாம். புத்தம் புதிதாக இருப்பதை வாங்கினால் திறக்க மனம் வராது, என்னிடம் அப்படிச் சில கிடக்கின்றன. அட்டையே இல்லாமல் ஒன்று கிடைத்தால், மூன்றாம்மாடி சொன்ன கிழித்து அனுப்பிய கதை நினைவிருக்கட்டும். அழிக்க வேண்டிய பிரதியை யாரோ வெளியே விற்றிருக்கிறார்கள்.

இரவுப்பேருந்து எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹியூஸில் தொடங்குகிறேன். ராமன் சார், நீங்கள் ஒன்று சொல்ல மாட்டீர்களா? இவ்வளவு படித்திருக்கிறீர்களே.

சந்தேகராமன் எழுதியது:

வில்ஃபோர்டின் 'பிக்-அப்', 1955. பீக்கன் என்ற படுமலிவான பதிப்பகம் போட்டது, அட்டையைப் பார்த்தால் எடுக்கவே தோன்றாது. ஒரு குடிகாரனும் ஒரு குடிகாரியும், ஊர் சான்ஃபிரான்சிஸ்கோ. கதை என்று பெரிதாக எதுவும் நடக்காது. கடைசி வரி வரை போங்கள், போய்விட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்பீர்கள். இணையத்தில் அந்த நூலைப் பற்றி யார் எழுதியதையும் முன்னால் படிக்க வேண்டாம், எல்லோரும் அதைப் போட்டு உடைத்து வைத்திருக்கிறார்கள். காகிதப்பூச்சி, நீங்களும் வாயை மூடிக்கொண்டிருங்கள்.